தானே கோடு பிடிக்கும் ரூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் தோள்வலி தேவலையா? போனவாரம் போனில், "மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டரில், தானே கோடு பிடித்துப் போவது வந்திருக்காமே, தம்பி வாங்கலாம் என்கிறான், தேறுமா?" என்று கேட்டீர்கள். பட்டறை இரைச்சலில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இங்கே நாள் முழுக்கக் காதில் அடைப்பான்தான். பக்கத்தில் நிற்பவனிடம்கூடப் பேச்சு கிடையாது. மொழி இன்னும் வசப்படாத எனக்கு அதுவும் வசதிதான். இந்த நாட்டு மொழியில் நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்ததே நீங்கள் கேட்ட அந்த மெஷினின் திரையைத்தான்.

ஷேப்பர் ஆரிஜின் என்று பெயர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வந்தது, 2016-இல் முன்பதிவு தொடங்கினார்கள். இரண்டு கைப்பிடி, ஒரு கேமரா, மேலே திரை. தள்ளுவது நம் கைதான். டோமினோ கட்டை மாதிரி புள்ளி அச்சிட்ட டேப்பைப் பலகையில் வரிசையாக ஒட்டி, கேமராவுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும். தான் எங்கே நிற்கிறோம் என்பதை அதை வைத்துத்தான் அறிந்துகொள்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்த கோடு திரையில் பலகைமேல் கிடப்பதுபோலத் தெரியும். கை கொஞ்சம் ஆடினாலும், வெட்டுகிற அலகான பிட் உள்ளே நகர்ந்து கோட்டிலேயே நிற்கும். ரொம்ப விலகினால் தானாக மேலே எழும்பிவிடும்.

எனக்குப் பிடித்தது, துளையில் செருகும் கழுந்து வெட்டுவது. கொஞ்சம் தடிமன் விட்டு வெட்டிப் பொருத்திப் பார்ப்பேன். இறுக்கமா? திரையில் 0.1 மி.மீ. குறைத்து அதே கோட்டில் இன்னொரு முறை ஓட்டுவேன். நீங்கள் உளியால் சீவிச் சீவிப் பார்ப்பீர்களே, அதேதான். வேறு நிற மரத்தில் கொடியும் பூவும் பதிக்கவும் அருமை. கம்ப்யூட்டரே ஓட்டும் பெரிய சி.என்.சி. மெஷின் என்றால் மரத்தை மேசைக்குத் தூக்கிப் போக வேண்டும். இதை மரத்திடம் கொண்டுபோகலாம்.

ஆனால் ஒரு பலகையைக் கெடுத்தேன், அப்பா. டேப்பைப் பலகையில் ஒட்டாமல் மேசையில் ஒட்டியிருந்தேன். பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்து பலகை லேசாக நகர்ந்துவிட்டது. மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? அது நம்புவது டேப்பை, பலகையை இல்லை. பள்ளம் 2 மி.மீ. தள்ளி விழுந்தது. கோடு முழுக்கச் சரி என்றே திரை காட்டிக்கொண்டிருந்தது! தூசி டேப்பை மூடினாலும் தடுமாறும். தூசி உறிஞ்சும் மெஷின் இல்லாமல் தொடவே முடியாது.

சரி, வாங்கலாமா? நேர் வெட்டுக்கு இது வீண். ஒரே வடிவத்தை ஐம்பது தடவை வெட்டுவதென்றால், அந்த வடிவத்துக்கு ஒரு நல்ல மாதிரி அட்டை செய்து, அதன் ஓரத்தைத் தொட்டே உருண்டுபோகும் பேரிங் பிட்டோடு சாதாரண ரூட்டரை ஓட்டுவதே வேகம். ஒவ்வொரு முறையும் வேறு வளைவு, வேறு அளவு என்றால்தான் போட்ட காசுக்கு வேலை செய்யும். இதன் விலைக்கு நல்ல ரூட்டர்கள் பல வாங்கலாம். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே பிசிறும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை இன்னும் உங்கள் கண்ணை நினைத்துத்தான் பார்க்கிறேன்.

தம்பி முதலில் கம்ப்யூட்டரில் கோடு வரையப் பழகட்டும், அதற்குக் காசு வேண்டாம். நான் இரவில் அதில்தான் மல்லுக்கட்டுகிறேன். வெட்டுகிற நேரத்தைவிட வரைகிற நேரம்தான் அதிகம்.

அப்புறம் ஒன்று. சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் அட்டைகளில் அந்தக் கொடி வளைவு அட்டையை, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். ஓரம் தேய்ந்த இடம் எது என்று நீங்களே பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்தவன்