யன்னலுக்கு ஒரு அடம்பன் கொடி

திருகோணமலை
ஆவணி மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. உன் அறை யன்னலுக்குக் கேட்டின், அதுதான் திரைச்சீலை, எப்படிச் செய்வது என்று நீ கேட்டதற்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அளவும் கணக்கும் காதில் நிற்காது. கடிதமாக இருந்தால் துணி வெட்டும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளலாம்.

வாடகையும் முற்பணமும் கட்டின கையோடு கேட்டின் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாய் என்று அம்மா சொன்னா. திரும்பி வந்தது சரிதான். அம்மாவின் பழைய பட்டுச் சேலையை வெட்டிக் கட்டலாமா என்று கேட்டாயாம். அது வேண்டாம் பிள்ளை. உன் அறை மேற்குப் பார்த்தது. பட்டு வெயிலுக்கு நிற்காது. நிறம் வெளிறும், பிறகு இழையே பொடிந்துவிடும். அந்தச் சேலை உனக்கு வேறு நாளைக்கு வேண்டும். வெறும் பருத்தித் துணி வாங்கு, அதில் வடிவம் வெட்டின தாளை அச்சாக வைத்து நீயே பெயின்ற் அடி. உன்னால் முடியும். சின்ன வயதில் நான் எழுதின பெயர்ப்பலகைகளுக்குப் பக்கத்தில் இருந்து நீ பார்த்ததெல்லாம் உன் கையில் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். நான் இத்தனை காலமும் எழுதினது சுவரில், தகரத்தில், படகில். அங்கே வெளிச்சம் முன்னால் விழும், நிறம் தெரியும். யன்னல் துணிக்கு வெளிச்சம் பின்னால் இருந்து வருகிறது. பெயின்ற் பட்ட இடம் வெளிச்சத்தை மறிக்கும். பகலில் அறைக்குள் இருந்து பார்த்தால் மஞ்சளோ நீலமோ பச்சையோ எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிழலாகத்தான் நிற்கும். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பெயின்ற் அடித்தாலும் வெயில் நேரம் அது கருமையாகத் தெரியும். இரவு லைட் போட்ட பிறகுதான் நிறம் வெளியே வரும். ஆகவே பகல் முழுக்க நீ பார்க்கப்போவது வெட்டின வடிவத்தின் விளிம்பைத்தான். விளிம்பு சுத்தமாக இருந்தால் ஒரே ஒரு நிறம் போதும். ஐந்தாறு போத்தல் வாங்குகிற செலவு அங்கேயே நின்றுவிடும்.

இங்கே எங்களுக்குச் சூரியன் கடலில் எழும்புகிறது; கொழும்பில், வெள்ளவத்தையில் உனக்குக் கடலில் விழும். வேலையால் நீ வீட்டுக்கு வருகிற நேரம்தான் யன்னலில் முழு வெளிச்சம் இருக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தை மனதில் வைத்துத்தான் நான் வடிவம் தேடினேன்.

நீ மான் கேட்டாய். பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்கள் உன் நினைவில் இருப்பது எனக்குச் சந்தோசம். ஆனால் கேட்டினுக்கு மான் சரிவராது. கேட்டின் விரித்து ஒட்டுகிற துணி இல்லை, சுருங்கித்தான் தொங்கும். பெரிய உருவம் மடிப்புக்குள் போனால் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகிவிடும். உள்ளங்கை அளவில் சின்ன வடிவம், திரும்பத் திரும்ப வருவதுதான் மடிப்பிலும் உடையாமல் நிற்கும். வில்வம் இலையை நினைத்தேன். மூன்று இதழும் அச்சுக்கு நல்ல வடிவு. ஆனால் அது கோணேசருக்குச் சாத்துகிற இலை. காற்றில் பறந்து கதிரையிலும் காலிலும் படுகிற துணியில் அதை வைக்க எனக்கு மனம் இல்லை.

பிறகு டச் பே கடற்கரையில் அடம்பன் கொடியைப் பார்த்தேன். மணலில் நீளமாக ஓடும் தண்டு, நுனியில் இரண்டாகப் பிளந்த இலை, ஊதா நிறப் பூ. இதைவிட அச்சுக்கு ஏற்ற இலை இந்தக் கரையில் இல்லை. வெளிக்கோடு தெளிவு, எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் அடம்பன் என்று தெரியும். நெய்தல் நிலத்தைப் பாடின பழைய புலவர்கள் இந்த இலையின் கவட்டை மானின் குளம்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நீ கேட்ட மானுக்கு அதில் இடம் இருக்கிறது.

அச்சை நானே வெட்டிவிட்டேன். அப்பாச்சியின் பழைய எக்ஸ்ரே படங்கள் அலுமாரியில் கிடந்தன. ப்ளீச்சில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பு முழுக்கக் கழன்று தெளிவான தாளாகிவிடும். தடிப்பும் அளவு, கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். உனக்கு இன்னும் வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் பைல் கவர் போதும். கடையில் விற்கிற ஸ்டென்சில் தேவையில்லை. இலை இரண்டு அளவில், பூ ஒன்று, வளைந்த தண்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இலையின் நடுவிலும் ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விட்டிருக்கிறேன் பார். அதுதான் பாலம். படகு இலக்கம் எழுதும்போது 0, 6, 8 எல்லாவற்றுக்கும் அந்தப் பாலம் இல்லாவிட்டால் நடுத்துண்டு கழன்று விழும். ஜப்பான்காரர் துணிக்கு அச்சு வைக்கிற கடதாசியில், பெர்சிமன் என்கிற பழத்தின் சாற்றில் ஊறவைத்த இரண்டு தாளுக்கு நடுவே பட்டு நூல் வைத்து ஒட்டி, பாலமே தெரியாமல் செய்வார்கள். எங்களுக்கு அது வேண்டாம். இந்தப் பாலம் இலையின் நடுநரம்பாகவே நின்றுவிடும். நீ வெட்டினாலும் பாலத்தை இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குக் குறைய விடாதே, பெயின்ற் ஏற ஏறக் கிழியும்.

இனித் துணி. புறக்கோட்டைக்குப் போ, இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளுக்காத பருத்தி, 45 அங்குல அகலம். பொலியெஸ்ரர் கலந்தது மலிவாக இருந்தாலும் எடுக்காதே. பெயின்ற் இழைக்குள் இறங்காது, மேலே ஒட்டிக்கொண்டு நின்று உரியும். உன் யன்னல் 48 அங்குல அகலம் என்றாய். கேட்டின் தொங்குகிற குழாய் யன்னலுக்கு இரண்டு பக்கமும் 4 அங்குலம் நீண்டால் 56. சுருக்கம் வடிவாக விழுவதற்கு அதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும், அது 84. 45 அங்குலத்தில் இரண்டு துண்டு எடுத்தால் 90, நான்கு ஓரமும் ஒன்றரை அங்குலம் மடித்து அடித்தால் 6 போகும், சரியாக 84 மிஞ்சும். உயரம் 66. கீழ் மடிப்பு 4 அங்குலம், இரட்டையாக மடிப்பதால் 8. மேலே குழாய் போகிற மடிப்புக்கு 4. ஆக ஒரு துண்டு 78. இரண்டுக்கும் 156 அங்குலம். நீ 5 யார், அதாவது 5 கெஜம் வாங்கு, 180 அங்குலம் வரும். தண்ணீர் பட்டதும் பருத்தி சுருங்கும், நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் 171 இருக்கும். மிச்சத் துண்டு பழகிப் பார்க்க.

வெட்டுவதற்கு முன் கழுவு. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது போகாவிட்டால் பெயின்ற் பிடிக்காது. வாசனைக்கு ஊற்றுகிற துணி மென்மையாக்கி எதுவும் சேர்க்காதே, அதுவும் பெயின்ற்றைத் தள்ளும். காய்ந்ததும் சுருக்கம் இல்லாமல் அயன் பண்ணு.

பெயின்ற், துணிக்கென்று விற்கிற நீர்ப் பெயின்ற்தான். நான் படகுக்கு அடிக்கிற இனாமல் வேண்டாம். அதன் எண்ணெய் துணியில் பரவி, இலையைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டும். சுவருக்கு அடிக்கிறதைத் தனியாக அடித்தால் துணி மட்டைபோல் விறைக்கும். கருநீலம் ஒன்று எடு. பூவுக்கு ஊதா வேண்டுமென்று உனக்கு ஆசையாக இருந்தால் மிகச் சின்னப் போத்தல் ஒன்று. அதற்கு மேல் செலவழிக்காதே. பிரஷ் வாங்காமல் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பாவிக்கலாம்.

அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதே. அச்சைப் பழைய தாளில் வைத்து நிறைய இலை வரைந்து வெட்டு. துணியைக் குண்டூசியால் மடித்துக் குழாயில் தொங்கவிட்டு, இந்தத் தாள் இலைகளைக் குத்திப் பார். அறைக் கதவடியில் நின்று பார், கட்டிலில் இருந்தும் பார். அடம்பன் நிலத்தோடு ஓடுகிற கொடி; அதனால் கீழ்ப்பக்கம் நெருக்கமாகவும் மேலே போகப் போக ஐதாகவும் விடு. மேல் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும், வெளிச்சம் தடையில்லாமல் வர வேண்டும். எல்லா இலையும் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது. அச்சைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் பார்க்கிற இலை கிடைக்கும், ஆனால் திருப்புவதற்கு முன் கழுவித் துடை. இடம் பிடித்ததும் சோக்கால் சின்னக் குறி வைத்துக்கொள்.

துணியைத் தரையில் மட்டையின் மேல் விரித்து நாலு மூலையும் ரேப் ஒட்டு. அடியில் பத்திரிகை போடாதே, மை ஏறிவிடும். அச்சின் விளிம்பையும் ரேப்பால் பிடி. இப்போது பெயின்ற். ஸ்பொஞ்சின் நுனியில் கொஞ்சமாகத் தொட்டு, வேறு தாளில் ஒற்றி ஒற்றி எடு. இனி இதில் ஒன்றுமில்லை என்று தோன்றும். அப்போதுதான் அளவு சரி. நேர் மேலிருந்து கீழே குத்து. இழுக்காதே, தேய்க்காதே. இழுத்தால் பெயின்ற் அச்சுக்கு அடியில் புகும், நான் மேலே சொன்ன அந்த விளிம்பு போய்விடும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வா. ஒரு தரத்தில் கருமை வராது, வரவும் வேண்டாம். காயவிட்டு இரண்டாம் தரம் குத்து. அச்சை எடுக்கும்போது பக்கவாட்டில் நகர்த்தாமல் நேரே மேலே தூக்கு. கழுவின ஸ்பொஞ்சும் அச்சும் முற்றாகக் காயாமல் திரும்பத் துணிக்கு வரக் கூடாது. படகுக்காரர் அவசரப்படுத்தினாலும் நான் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை.

இங்கேயென்றால் கச்சானில் ஒரு மணித்தியாலத்தில் காயும். கொழும்பில் ஈரக்காற்று, ஒரு முழு நாள் விடு. பிறகு துணியின் மறுபக்கத்தில் மெல்லிய சீலை ஒன்றைப் போட்டு, நீராவி இல்லாமல், பருத்திக்குரிய சூட்டில் அயன் பண்ணு. போத்தலில் எழுதியிருப்பதுதான் கணக்கு. பொதுவாக ஒரு இடத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், அயனை அசைத்தபடி. இதைச் செய்யாவிட்டால் முதல் கழுவலிலேயே இலை போய்விடும். ஒரு கிழமைக்குத் தண்ணீர் காட்டாதே. பிறகு பச்சைத் தண்ணீர், உட்புறம் வெளியே திருப்பி, கையால்.

தையல் உனக்குத் தெரியும், மெசின் இல்லாவிட்டால் கையாலேயே அடிக்கலாம், நேர்த்தையல்தான். கீழே இரட்டை மடிப்பைக் குறைக்காதே, கடற்காற்றுக்கு அந்தப் பாரம்தான் துணியைப் பிடித்து வைக்கும். குழாய் இரும்பில் வேண்டாம். உப்புக் காற்றில் துரு பிடித்துத் துணியில் கறை இறங்கும். அலுமினியக் குழாய் எடு. சுவரில் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இன்னொன்று: இரவு உள்ளே லைட் போட்டால் மெல்லிய பருத்திக்குள்ளால் ஆள் நடமாட்டம் வெளியே தெரியும். தனியாக இருக்கிற பிள்ளை நீ. உள்பக்கம் இன்னொரு கயிறு கட்டி, ஒரு பழைய பெட்சீற்றைத் தொங்கவிட்டு, பொழுதுபட்டதும் இழுத்துவிடு. இதில் அலட்சியம் வேண்டாம்.

அச்சுகளைத் தடித்த மட்டைக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன். மாமா வருகிற சனிக்கிழமை இரவு ரயிலில் வருகிறார், அவரிடம் தந்துவிடுகிறேன். கூடவே அம்மா கருவாடும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறா. அதற்குள் யன்னல் அகலத்தை மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் அளந்து சொல்லு. பழைய கட்டிடங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. கூடின அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா