போர்டு டிசைன் பண்ற அண்ணன்மாருக்கும் உத்சவக் கமிட்டிக்காரங்களுக்கும்

வணக்கமுங்க.

உத்சவ சீசன் வரப்போகுது. நம்ம பாலக்காட்டு எல்லையில கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் வரைக்கும், அந்தப்பக்கம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி ரோட்டுலயும் மறுபடி போர்டா நிக்கும், அதுக்குள்ள இதச் சொல்லிப்போடணும்னு தோணுச்சு. போன சீசன்ல பாதி போர்டுல இங்கிலீஷ் எழுத்து எல்லாமே ராக்வெல் எக்ஸ்ட்ரா போல்டுங்கற தடி ஃபாண்டுதான். ஆபீஸ் சாஃப்ட்வேர் போட்டா கூடவே வர்றது, அதனால எல்லார் சிஸ்டத்துலயும் இருக்குது. எனக்கு அந்த ஃபாண்ட் மேல கோபமில்லீங்க, ரொம்பப் புடிக்கும், புடிக்கறதாலதான் இப்புடி பாழாகறதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

கமிட்டி அண்ணன்மாருக்காக ஒரு வார்த்தை. எழுத்தோட முனையில மெலிசா கூரா முடியாம, செங்கல் வச்ச மாதிரி கட்டையா நிக்குதில்ல, அதுதான் ஸ்லாப் செரிஃப். சோனி, ஹோண்டா பேரு எழுதியிருக்கறதப் பாத்தீங்கன்னா புரியும். ராக்வெல்லுல கோடும் அந்த முனைக்கட்டையும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், இங்கிலீஷ் ‘ஓ’ எழுத்து காம்பஸ் வச்சு வரைஞ்ச வட்டமாட்ட இருக்கும், பெரிய ‘ஏ’ எழுத்துக்கு தலையிலயும் ஒரு கட்டை உண்டு. மோனோடைப் கம்பெனி 1934ல விட்டது. ஆனா இந்த ஜாதி எழுத்து அதுக்கும் நூறு வருசம் மூத்தது, 1810கள்லயே லண்டன்ல வின்சென்ட் ஃபிக்கின்ஸ் அச்செழுத்தா வார்த்துட்டாரு. புக்கு படிக்க இல்லீங்க, சுவத்துல ஒட்டற நோட்டீசுக்கு, தெருவுல போறவன நிறுத்தி வைக்கறதுக்கு. பெருசு பெருசா ஈயத்துல வார்த்தா வெயிட்டு தாங்காதுன்னு 1820கள் கடைசியில அமெரிக்காவுல டேரியஸ் வெல்ஸ் மரத்துல மெஷின் வச்சு அறுத்து எடுக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் போஸ்டர்னாலே இதுதான்னு ஆயிப்போச்சு. 1845ல ராபர்ட் பெஸ்லி கிளாரண்டன்னு ஒண்ணு விட்டு சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணி மூணு வருசம் உரிமை வாங்குனாரு, கெடு முடிஞ்சதும் ஆளாளுக்கு காப்பியடிச்சுட்டாங்க (நம்ம ஃபைல் பென்டிரைவுல ஊர் சுத்தறதுக்கு மூணு வருசமெல்லாம் வேண்டாம், மூணு நாள் போதும்).

இது நாலஞ்சு வார்த்தைய தூரத்துல இருந்து படிக்க வைக்கறதுக்குன்னே பொறந்த எழுத்து. நாம என்ன பண்றோம், கோயில் பேர சின்னதாக்கிட்டு கமிட்டி மெம்பர் பேரு, செல் நம்பர், அன்னதானம் உபயம் எல்லாத்தையும் அதே எக்ஸ்ட்ரா போல்டுல பொடிசா நெருக்கி விட்டுடறோம். உள்ள இருக்கற வெள்ளையெல்லாம் மூடி, வெயில்ல பாத்தா கருப்புத் திட்டு மட்டுந்தான். எடம் பத்தலைன்னா கோரல் டிசைன் சாஃப்ட்வேர்ல சைடு புள்ளிய புடிச்சு அமுக்கறது வேற. அமுக்குனா நிக்கற கோடு மெலியும், முனைக்கட்டை அப்புடியே தடியா நிக்கும். கௌபாய் போஸ்டர் மாதிரி இருக்குதேன்னு சிலர் சந்தோசப்படறாங்க, ஆனா அந்த போஸ்டர் எழுத்து அப்புடியே தனியா வரைஞ்சதுங்க, அமுக்குனது இல்ல. ஒடுக்கமா வேணும்னா ராக்வெல் கண்டென்ஸ்டு இருக்குதே, அத எடுங்க.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம், தமிழ பண்றதுதான் தாங்கல. “இங்கிலீஷ் மாதிரியே தமிழுக்கும் அந்தக் கட்டைக் கால் வச்சுக் குடு”ன்னு கமிட்டி கேக்குது, டிசைனர் தம்பி ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் செவ்வகம் வெட்டி ஒட்டறான், தடிமனுக்கு அவுட்லைன் ஏத்தறான். ‘ப’ தாங்கும், ‘ண’வும் ‘ஞ’வும் என்ன பண்ணும், சுழியெல்லாம் அடைச்சுப்போகுது, புள்ளி கீழ எழுத்தோட ஒட்டிக்குது, ‘கண்ணன்’னு எழுதுனது என்னன்னே தெரியறதில்ல. மலையாளக் கூட்டெழுத்துக்கும் இதே கதிதான். தடிமன் வேணும்னா தடிமனாவே வரைஞ்ச எழுத்த எடுக்கணும். பாலூ தம்பின்னு ஒரு ஃபாண்ட் தமிழுக்கு, பாலூ சேட்டன்னு ஒண்ணு மலையாளத்துக்கு, ரெண்டும் ஒரே குடும்பம், ஃப்ரீதான். அனேக் ஃபாண்ட் எடுத்தா இன்னும் நல்லது, தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி வரைஞ்சது, ஒடுக்கம் விரிவு எல்லாம் உள்ளயே இருக்குது. இதுக்கெல்லாம் செங்கல் கால் இல்லதான். மூணு பாஷையும் ஒரே கனத்துல நின்னா போதுமுங்க, கால் எதுக்கு?

நம்ம சித்தூர் தாலூக்காவுல யாரும் படிக்காம தாண்டாத போர்டு எது, கள்ளுஷாப்பு போர்டு. கறுப்புல வெள்ளை, தடியா, ஒரே வார்த்தை, போட்டோ இல்ல. கோயில் போர்ட அப்புடி போடச் சொல்லல, சண்டைக்கு வந்துடாதீங்க, ஆனா அந்த தைரியம் கொஞ்சம் வேணும். கோயில் பேரு, தேதி, எடம், இது மூணு மட்டும் தடி எழுத்துல (இங்கிலீஷ்னா ஸ்லாப்) பெருசா வைங்க, மிச்சம் சாதா எழுத்துல கீழ. போர்டு தொழில்ல பழைய கணக்கு ஒண்ணு உண்டு, பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்சு உயரம், அப்ப ரோட்டுல நூறடி தள்ளி பஸ்ஸுல வர்றவனுக்கு பத்து இஞ்சு எழுத்து வேணும்.

பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முந்தி ஒண்ணு பண்ணுங்க. பத்தடி போர்டுன்னா டிசைன ஏ4 பேப்பர்ல படுக்கைவாட்டுல ஓட்டி கடைச் சுவத்துல ஒட்டி பத்தடி தள்ளி நில்லுங்க, நூறடியில போர்டு எப்புடித் தெரியுமோ கிட்டத்தட்ட அதே அளவுதான். கமிட்டி செக்ரட்டரியையும் கூட நிறுத்துங்க, அவரு பேரு அவருக்கே படிக்க வரலைன்னா அப்புறம் பேர எடுக்கச் சொல்லி நீங்க கெஞ்ச வேண்டியதில்ல.