கொலோன் தேர்தல் பணியில் உடன் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

யேர்மனியின் கொலோன் மாநகர முதல்வர் தேர்தலில், 2025 செப்டெம்பர் 28ஆம் நாள் நடைபெற்ற இரண்டாம் சுற்று வாக்களிப்பில், நாம் ஆதரித்த பசுமைக் கட்சி வேட்பாளர் பெரிவான் அய்மாஸ் அவர்கள் வெற்றி பெறவில்லை. சமூக சனநாயகக் கட்சியைச் சேர்ந்த தோர்ஸ்டன் பூர்மெஸ்டர் கொலோன் மாநகரின் முதல்வராகத் தெரிவானார். அவருக்கு எமது வாழ்த்துகள் உரித்தாகுக. ஆயினும், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இம்மாநகரில், செப்டெம்பர் 14இல் நடந்த முதற்சுற்றில் ஏனைய வேட்பாளர்கள் அனைவரையும் முந்தி வந்தவர் குர்திய வம்சாவளிப் பெண் ஒருவர் என்பதும், இறுதிச் சுற்றிலும் ஏறத்தாழ 46 சதவீத வாக்குகளை அவர் பெற்றார் என்பதும் சிறிய செய்திகள் அல்ல. அதற்காக உழைத்த உங்களுக்கு வாய்வார்த்தையாக நன்றி சொல்லி முடித்துவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே இம்மடலை எழுதுகிறேன்.

அவருடைய அரசியல் பாதையை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இந்த இடம் திடீரென்று கிடைத்ததன்று என்பது தெரியும். 1972இல் துருக்கியின் பிங்கொல் மாகாணத்தில் பிறந்து, சிறுமியாக யேர்மனிக்கு வந்தவர் அவர். 2017இல் பசுமைக் கட்சியின் சார்பில், கொலோன் அமைந்துள்ள நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியா மாநில நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகி, குடிவந்தோரின் ஒருங்கிணைப்பு, அகதிகள் விவகாரம் ஆகியவற்றில் கட்சியின் பேச்சாளராகப் பணியாற்றி, 2022இல் அதே மன்றத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். அகதி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காத்திருப்பும் கடதாசிகளும் எமக்கும் பழக்கமானவை. துருக்கியில் நடந்த 1980இன் இராணுவப் புரட்சிக்குப் பின் குர்திய மக்களும், இலங்கையில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழராகிய நாமும், ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் இதே மாநிலத்தின் அலுவலக வாசல்களில் வரிசையில் நின்றவர்கள். அவ்வாறு குடிவந்தோரின் தலைமுறையில் ஒருவர் சபையின் தலைவர் இருக்கையில் அமர்ந்து விவாதத்தை நடத்துவதைக் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

முதல் நன்றி, வாக்குரிமையே இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு. இம்மாநிலத்தின் உள்ளூராட்சித் தேர்தலில் யேர்மனியக் குடிமக்களும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்களும் மட்டுமே வாக்களிக்கலாம். பதினாறு வயது நிரம்பினால் போதும். நீண்டகாலம் இங்கு வரி கட்டியும் குடியுரிமை கைக்கு வராத அண்ணைமாரும் அக்காமாரும், தாங்கள் போட முடியாத வாக்குக்காக மழையில் நனைந்து துண்டுப்பிரசுரம் விநியோகித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுட் சிலர் இந்த முறை முதன்முதலாக வாக்களித்தார்கள்.

துருக்கிய, குர்திய வம்சாவளியினரின் கடைகள் நிறைந்த கொலோனின் கொய்ப் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2004 யூன் 9இல் ஆணிக்குண்டு வெடித்து 22 பேர் காயமடைந்த வீதி அது. குண்டு வைத்தவர்கள் நவநாசிகள் எனப்படும் இனவெறியர்கள் என்பது 2011இல் வெளிவரும்வரை, அங்கு வாழ்ந்தவர்களையே சந்தேகக் கண்ணோடு விசாரித்தார்கள். அத்தகைய வீதியில் “வாக்குப் போட்டு என்ன மாறப்போகிறது?” என்று கேட்பவருக்கு அவசரமாக மறுமொழி சொல்வது அழகல்ல. நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டீர்கள். நான் கண்டவற்றுள் ஆகச் சிறந்த தேர்தல் பணி அதுவே.

இரண்டு சுற்றுகளுக்கும் இடைப்பட்ட இரண்டு வாரங்கள் மிகவும் கடினமானவை. ஒரு தடவை வாக்களித்தால் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தவர்கள் பலர். கொலோனின் கோர்வைலர் பகுதியில் ஓர் அம்மா, தபாலில் வந்த வாக்காளர் அறிவித்தலைப் பழைய பத்திரிகைகளோடு சேர்த்து எறிந்துவிட்டதாகவும், இனித் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்றும் கலங்கி நின்றார். அடையாள அட்டையைக் காட்டினாலே போதும் என்று விளக்கி, வாக்குச்சாவடி அமைந்திருந்த பாடசாலை வாசல்வரை அவரைக் கூட்டிச் சென்ற தங்கைக்கு என் தனிப்பட்ட நன்றி. தபால் வாக்கு விண்ணப்பங்களைத் தமிழிலும் குர்திய மொழியின் வட்டார வழக்கான குர்மாஞ்சியிலும் தொலைபேசி வழியே பொறுமையாக விளக்கியவர்களுக்கும் அவ்வாறே.

குர்தியத் தோழர்களே, எங்களை விருந்தாளிகளாக நடத்தாமல் கூடவே வேலை செய்பவர்களாக நடத்தினீர்கள், அதற்கும் நன்றி. வேறு கட்சிகளுக்கு வாக்களித்திருந்தும், வேட்பாளரின் பெயரையும் பூர்வீகத்தையும் இழிவாகப் பேசியோரைத் தெருவிலேயே தடுத்துக் கேட்ட அயலவர்களையும் நாம் மறக்கவில்லை.

பெரிவான் அய்மாஸ் அவர்களின் மாநில நாடாளுமன்றப் பணி தொடர்கிறது. தேர்தல் முடிந்தபின் ஏணியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு மின்கம்பங்களிலிருந்த பதாகைகளைக் கழற்ற வந்தவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. உங்களுக்கும் என் நன்றி.

அன்புடன்,
தேர்தல் பணியில் உங்களோடு நடந்த ஒருவர்
கொலோன்