பேச்சராக்னா என்னன்னு கேட்டியே

பாப்பாவுக்கு அப்பா எழுதுறது,

கர்நாடகாவுல நீங்க வாங்கப் பாக்குற நிலம் பேச்சராக் கிராமத்துல இருக்கு, அப்படின்னா என்னன்னு வாட்ஸப்ல கேட்டியே, அதுக்கு டைப் பண்ணி முடியாதுன்னுதான் லெட்டர். பேச்சராக் கிராமம்னா பயப்பட ஒண்ணுமில்ல, பாரசீக மொழில 'பே'ன்னா இல்லாத, 'சிராக்'னா விளக்கு, விளக்கு எரியாத ஊரு, அதாவது யாரும் குடியில்லாத ஊரு. தாசில்தார், ஜமாபந்தி எல்லாம் வந்த வழியிலதான் இதுவும் ரெவின்யூ ஆபீசுக்குள்ள வந்து உக்காந்துருச்சு, கர்நாடகாவுல இன்னும் நல்லாவே புழங்குது. உங்க ஆயா "விளக்கேத்த ஆளில்லாத வீடு"ன்னு சொல்லும்ல, அதே கணக்குதான்.

ஆனா "ஊர்ல ஆளே இல்ல மேடம், எந்த தகராறும் வராது"ன்னு புரோக்கர் சொன்னான் பாரு, அத மட்டும் நம்பிடாத. பேச்சராக்னா ராத்திரி அங்க யாரும் படுக்குறதில்ல, அவ்ளோதான். ஊருக்கு பேரு, எல்லை, சர்வே நம்பர் எல்லாம் அப்படியே இருக்கும், பக்கத்து ஊர்க்காரங்க பகல்ல வந்து ராகி போடுவாங்க, ஆடு மேய்ப்பாங்க. கொள்ளைநோயோ தண்ணி பஞ்சமோ, என்னத்துக்கோ ஒரு காலத்துல கூண்டோட கிளம்பிருப்பாங்க, அதுக்காக நிலத்தயும் கோயிலயும் கைகழுவிட்டாங்கன்னு அர்த்தமில்ல. 2011 சென்சஸ்ல நாட்டுல சுமார் 6.4 லட்சம் கிராமம், அதுல 43 ஆயிரத்துக்கு மேல ஆளில்லாததுதான், அத்தனையும் கேக்க நாதியில்லாத நிலமா என்ன? தனுஷ்கோடியவே எடுத்துக்க, 1964 டிசம்பர் புயலுக்கப்புறம் மனுஷன் வாழ லாயக்கில்லன்னு கவர்மெண்டே அறிவிச்ச இடம், இப்பவும் போனா மீனவங்க குடிசை போட்டு வலை இழுத்துட்டுத்தான் இருக்காங்க (டூரிஸ்ட் மட்டும் பேய் ஊருன்னு செல்ஃபி எடுத்துட்டு வர்றான்).

அதனால பஹணி (கர்நாடகாவுல நிலத்துக்கான ரெவின்யூ பதிவு) எடுத்துப் பாரு, சொந்தக்காரர் பேரு ஒரு கட்டத்துலயும் பயிர் வைக்கிறவர் பேரு இன்னொரு கட்டத்துலயும் இருக்கும், ரெண்டும் வேற வேற ஆளா இருந்தா அங்கயே நின்னுடு. மேய்ச்சலுக்கு விட்ட கோமாள நிலமான்னும் தாலுகா ஆபீஸ்ல கேளு. அப்புறம் மாப்பிள்ளையும் நீயும் புரோக்கர் இல்லாம ஒரு காலைல போங்க, பக்கத்து ஊர் டீக்கடைல அந்த சர்வே நம்பர சொல்லி பேச்சு குடுங்க, ஆபீஸ்ல தெரியாதது அங்க தெரிஞ்சிடும். அதுவரைக்கும் அட்வான்ஸ்னு ஒரு பைசா கை மாறக்கூடாது.

பஹணி கிடைச்சா போட்டோ அனுப்பு, இங்க கன்னடம் படிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு, காட்டிக் கேட்டு சொல்றேன்.

அப்பா