லெக்சிங்டனில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அப்பா நேற்று மாலை நலமாக வீடு வந்து சேர்ந்தார். நடந்ததை இந்த மடலைப் படிக்கும் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்க மனம் வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட முடியாமல், பயணக் களைப்பு தீருமுன்பே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆசைப்பட்டவர். லிங்கனின் மனைவி மேரி டாட் வளர்ந்த வீடு, பழைய அமெரிக்க அரசியல் தலைவர் ஹென்றி கிளேயின் ஆஷ்லாண்ட் மாளிகை, ஒரு காலத்தில் மனிதர்களை ஏலம் விட்ட சீப்சைடு சதுக்கம் என்று தம் கைப்பட எழுதிய பட்டியலோடு அங்கே போய் இறங்கியவர், அவற்றுள் ஒன்றைக்கூடக் காணுமுன் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. அம்மா அந்த அறைவாசலை விட்டு நகரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை, பேச்சும் இல்லை.

அடுத்த அறையில் தம் மனைவிக்குத் துணையாக இருந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் குதிரை லாயங்களில் வேலை பார்த்தவர். ஒருநாள் விடியுமுன் என்னிடம் வந்து, ஒரு மணி நேரம் அம்மாவை வெளியே அழைத்துப் போகலாமா என்று கேட்டார். அப்பாவின் அருகில் என் தம்பியை இருத்திவிட்டு, கீன்லாந்து பந்தயத் திடலுக்கு அவருடைய காரிலேயே போனோம். 1936 முதல் பந்தயம் நடக்கும் அந்த இடத்தில், காலைப் பயிற்சியைப் பொதுமக்களும் வேலியோரம் நின்று பார்க்கலாம். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் குளம்பொலி மட்டும் வந்தது, பிறகு இரண்டு குதிரைகள் மூக்கிலிருந்து ஆவி பறக்க எங்களைக் கடந்து பாய்ந்தபோது, அம்மா வேலிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு "அம்மாடி!" என்றார். அத்தனை நாளில் அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் சொல் அது.

ஓடி முடித்த குதிரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்தி, இடையிடையே சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பெரியவர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு அவர் அம்மாவின் வேகத்துக்குத் தம் நடையைக் குறைத்து, ஒன்றும் பேசாமல் வேலியோரமாகக் கூடவே நடந்தார். திரும்புமுன் அங்கிருந்த உணவகத்தில் அம்மா ஒரு ரொட்டித் துண்டும் தேநீரும் சாப்பிட்டார்.

அன்று மாலை பெரியவர் அப்பாவின் கட்டிலருகே வந்து அமர்ந்தார். பேச்சு ஐசக் மர்ஃபி என்ற கறுப்பினக் குதிரையோட்டியைப் பற்றி வந்தது. 1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் குதிரையோட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பினத்தவர். பின்னாளில் 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பந்தயத்தை வென்ற மர்ஃபி 1896-இல் இறந்து, லெக்சிங்டனில் கறுப்பினத்தவருக்கான கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அந்தக் கல்லறை எது என்றே தெரியாமல் போய், வெகுகாலம் கழித்துத்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து மாற்றப்பட்டு, இன்று லெக்சிங்டனின் குதிரைப் பூங்காவில், 21 பந்தயங்களில் 20-ஐ வென்ற மேன் ஓ வார் என்ற குதிரையின் சமாதிக்கு அருகே மர்ஃபி துயில்கிறார். புத்தகத்தில் படித்தவற்றை அப்பா ஈனக்குரலில் கேட்க, அந்த மண்ணிலேயே வளர்ந்தவர் நிதானமாகப் பதில் சொன்னார். வரலாற்றை இவ்வளவு அருகில் நான் கேட்டதில்லை.

இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்கள், கேட்காமலே ரசமும் சோறும் கொண்டுவந்து கொடுத்த அந்நகரத் தமிழ்க் குடும்பங்கள், அறை வாடகையைக் குறைத்துக்கொண்ட விடுதிக்காரர், விமானச் சீட்டு மாற்ற அலைந்த நண்பர்கள், ஊரிலிருந்தபடியே வேண்டிக்கொண்ட உறவினர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பமே கைகூப்பிக் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியவரின் மனைவியும் தேறிவருவதாகச் செய்தி வந்திருக்கிறது. இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதி அவருக்கும் அனுப்பப் போகிறேன். அப்பா நன்றாக நடக்கத் தொடங்கியதும் மீண்டும் லெக்சிங்டன் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். பட்டியலில் மர்ஃபியின் சமாதியை முதலாவதாக எழுதச் சொல்லியிருக்கிறார் அப்பா; அதற்கும் முன்னால் பெரியவரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் அம்மா.