ஒருவர் செய்த தவறுக்கு எல்லோருக்கும் ஃபில்டரா? வலையமைப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கல்லூரி, விடுதி, அலுவலகம் என்று பலர் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். யாரோ ஒருவர் சக பயனரை ஆபாசமாகத் திட்டிச் செய்தி அனுப்புகிறார். புகார் வருகிறது. மறுநாளே ஃபயர்வாலில், அதாவது வலையமைப்புக்குள் வந்துபோவதைச் சலிக்கும் காவல் கருவியில், தளத்தைத் தடுக்கும் ஒரு விதி, ஒரு ஃபில்டர், ஏறுகிறது. திட்டியவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விதி மட்டும் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது; போட்டவர் வேலையை விட்டுப் போனதும், அது எதற்கு என்றுகூட யாருக்கும் தெரிவதில்லை.

ஃபில்டரே கூடாது என்று சொல்லவில்லை. அனுப்பியவர் முகவரியைப் போலியாகப் போட்டு வெளியேறும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) வாசலிலேயே நிறுத்தச் சொல்லும் ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்தது 2000-ல். அதை அவசியம் செய்யுங்கள். பயனர் கணினிகள் போர்ட் 25 வழியாக, அதாவது அஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல் வழியாக, நேரே வெளியே அஞ்சல் அனுப்புவதையும் தடுங்கள்; வைரஸ் பிடித்த கணினி ஸ்பேம் கொட்டுவது நிற்கும், ஒழுங்காக அஞ்சல் அனுப்புகிறவர் பயனர்களுக்கென்றே உள்ள போர்ட் 587-ல் போய்க்கொள்வார். ஒருவர் இரவெல்லாம் டொரண்டில் பெரிய கோப்புகளை இறக்கி மற்றவர்களைத் திணறடிக்கிறாரா? ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று பங்கு பிரித்துவிட்டால் போதும், அவர் என்ன இறக்குகிறார் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இதெல்லாம் இயந்திரம் செய்யக்கூடிய வேலை.

திட்டுவதும் மிரட்டுவதும் அப்படியில்லை. வசைச் செய்தியும் மன்னிப்புச் செய்தியும் ஒரே செயலியில், இடையில் யாரும் படிக்க முடியாத ஒரே மறையாக்கத்துக்குள் போகின்றன. இப்படி மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் உங்கள் ஃபயர்வாலுக்குப் பெரும்பாலும் தெரிவது தளத்தின் பெயர்தான். அதனால் மொத்தத் தளத்தையும் மூடுகிறீர்கள். திட்டியவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு போய்விடுவார், இல்லையென்றால் தன் போன் டேட்டாவுக்கு மாறிவிடுவார். அவர் சாதனத்தின் எம்ஏசி முகவரியை, அதாவது வலையமைப்பு அதை அடையாளம் காணும் எண்ணை, தடுத்தாலும் பெரிய பயனில்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-ம் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-ம் வழக்கமாக வைஃபைக்குப் போலி முகவரியைத்தான் காட்டுகின்றன.

மாட்டிக்கொள்பவர் வேறொருவர். மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்கப் போகிறவரின் திரையில் ‘ஆபாசம்: தடுக்கப்பட்டது’ என்று வந்தால், அவர் உங்களிடம் வந்து முறையிடுவாரா? கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். புகார் வராததால் ஃபில்டர் நன்றாக வேலை செய்வதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? எது தவறு, முதல் முறை என்ன நடக்கும், பயன்பாட்டுப் பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை ஒரே பக்கத்தில், எல்லோருக்கும் புரியும்படி எழுதி வையுங்கள். புகார் வந்தால் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, அவர் தரப்பையும் கேளுங்கள். அவர் கணக்கை வேறு யாராவது பயன்படுத்தியிருக்கலாம். புகார்களுக்கென்று ‘அப்யூஸ்’ என்ற பெயரில் ஓர் அஞ்சல்பெட்டி இருக்க வேண்டும் என்று 1997-லேயே ஆர்எஃப்சி 2142 சொல்லிவிட்டது. பெட்டி இருந்தால் மட்டும் போதாது, அதை ஒரு மனிதர் படிக்க வேண்டும். இணைப்பைத் துண்டிக்கத்தான் வேண்டும் என்றால் அந்த ஒருவருக்கு மட்டும், தேதி குறித்துத் துண்டியுங்கள். துண்டித்தவரே மேல்முறையீட்டையும் விசாரிக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. தடுத்த பக்கத்தைத் திறந்தால் வெறுமனே சுற்றிக்கொண்டே நிற்க விடாதீர்கள். எந்த விதியால் தடுக்கப்பட்டது, அது என்றைக்கு மறுபரிசீலனைக்கு வரும், பெயர் சொல்லாமல் எப்படி முறையிடலாம் என்று அந்தத் திரையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயனர்களில் ஒருவர்