கிணற்றுக்குள் போன ரிமோட்

சுழிபுரம்
2025 தை 19

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க நயினை நாகபூசணி அம்மனை வேண்டுகிறேன். மழைக்குள் அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் கூடி, இப்போது பரவாயில்லை. தினமும் போனில் கதைக்கிறோமே, பிறகு ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நானும் வேறு பக்கம் போய்விடுவேன். இது முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லவேண்டிய கதை. இதில் என் பக்கம் ஒரு குற்றமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன ஆவணியில் கூரை மாற்றுவதற்காக வளையிலிருந்த சாமான்களை எல்லாம் இறக்கி வைத்திருந்தேன். வீடியோவில் கதைக்கும்போது சுவரோரம் உரப்பையில் சுற்றிக் கிடந்த ஒன்றைப் பேரன் கண்டுவிட்டான். "அம்மப்பா, அது என்ன?" என்றான். பழைய வள்ளம் என்றேன். "ஓடுமா?" என்றான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அப்போது குசினிக்குள் நின்றாய், கேட்டிருக்கமாட்டாய். அடுத்த நாளே பையை அவிழ்த்தேன்.

ரிமோட்டில் ஓடுகிற அந்தக் குட்டி வள்ளம் நீ பிறப்பதற்கு முன், 1981இல் வந்தது. லண்டனிலிருந்து பெரியப்பா கப்பலில் போட்ட பெட்டிக்குள் ஒரு வரைபடமும் கட்டுக்கட்டாகப் பலகைத் துண்டுகளும்தான் இருந்தன. விலா எலும்பு மாதிரி வங்கு வங்காக ஒட்டி, மேலே மெல்லிய பிளைவுட் அடித்து முடிக்க ஆறு மாதம் பிடித்தது. 34 அங்குல நீளம். அந்த நேரம் நான் பொன்னாலைப் பாலத்தால் சைக்கிளில் காரைநகர் போய் சீநோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். நோர்வேக்காரரின் உதவியோடு தொடங்கிய இடம் அது. பைபர்கிளாஸ் வள்ளம் வார்க்க அங்கேதான் பழகினேன். (நீ இப்போது அந்த நாட்டில் இருந்துகொண்டு குளிர் குளிர் என்கிறாய்.) வெட்டிக் கழித்த துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, இந்தக் குட்டி வள்ளத்துக்கும் வெளிப்பக்கம் ஒரு படை போட்டேன். இன்றைக்கும் அதற்கு ஒரு உருவம் இருக்கிறதென்றால் அதனால்தான்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. எங்களுடையது வயற்கரைக் குளத்தின் மறுகரையைத் தொட்டதே பெரிய காரியம்.

உள்ளே 3.5 சிசி குளோ என்ஜின் ஒன்று பூட்டியிருந்தேன். அது பெற்றோலில் ஓடாது. மெதனோல் நாலு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு கலந்து ஊற்றவேண்டும். பிளைவீலில் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பும்போது பிளக் சூடாக ஒன்றரை வோல்ட் கொடுக்கவேண்டும். அதற்கு ஒரு பற்றரி, ரிமோட்டுக்கு எட்டு, வள்ளத்துக்குள் நாலு. ஆக மொத்தம் 13 பற்றரி. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரக்கூடாத சாமான்களோடு பற்றரியும் சேர்ந்தபோது அதன் ஓட்டம் நின்றது. செய்தி கேட்கவே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றிய காலம். நீயும் பெடல் சுற்றியிருக்கிறாய்.

அது கடைசியாக ஓடியது அந்த வருடத் தையில். உனக்கு ஐந்து வயது. நடுக்குளத்தில் ஆம்பல் கொடி புறொப்பெல்லரில் சுற்றி என்ஜின் நின்றுவிட்டது. அந்த என்ஜினுக்குப் பின்னால் போகத் தெரியாது, நின்றால் நின்றதுதான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கினேன். அப்பா தாழப்போகிறார் என்று நீ கரையில் நின்று குழறியது எனக்கு இப்போதும் கேட்கிறது.

சரி, ஆவணிக்கு வருகிறேன். பையை அவிழ்த்தால் மேல்தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, வீடு உடைந்தபோது விழுந்த ஓட்டின் வேலை. உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. ஆமணக்கெண்ணெய் காய்ந்து அரக்குப்போல் பிடித்து என்ஜின் இறுகிப்போயிருந்தது. ஆனால் சூடு காட்டி மெல்லத் திருப்ப இளகிவிட்டது. அந்த மணமும் அப்படியே வந்தது. அம்மா குசினியிலிருந்து, "உந்த நாத்தம் திரும்ப வந்திட்டுதோ?" என்றாள்.

பழைய என்ஜினையே ஓடவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மெதனோல் பொல்லாத சாமான். உள்ளே போனால் கண்ணைக் குருடாக்கும். தீப்பிடித்தாலும் பகல் வெளிச்சத்தில் சுவாலை தெரியாது. பேரன் பக்கத்தில் நிற்கப்போகிறான். தவிரவும், நடுக்குளத்தில் நின்றால் இறங்கி எடுக்க எனக்கு இப்போது 72 வயது. ஆகவே மோட்டரும் பற்றரியும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஓட்டையை மூடவேண்டுமே. வாழ்நாள் முழுக்க றெசின் பிசைந்தவன் என்ற மிதப்பில் துணியை வெட்டி, ஹார்ட்னர் அளவாக விட்டு ஒட்டினேன். மூன்றாம் நாள் நகத்தால் தட்ட, தோசை கிளம்புகிற மாதிரி முழுத் துண்டும் கிளம்பி வந்தது. எண்ணெய் குடித்த பலகையில் றெசின் பிடிக்காது. வேலைக்கு வந்த எத்தனை பெடியன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எனக்கு மறந்துவிட்டது. பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, மரத்துக்குள்ளிருந்து எண்ணெய் கசியக் கசியத் திரும்பத் துடைத்து, இப்படி இரண்டு கிழமை. எண்ணெய் ஊறிக் கறுத்த இடங்களைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தேன். எங்கள் வெயிலுக்கு ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் தூரிகையை எடுக்கமுன் கிண்ணத்துக்குள்ளேயே இறுகிவிடும். நூற்றுக்கு ஒன்று போதும். அதுவாவது ஞாபகம் இருந்தது.

மோட்டர் கதை வேறு. சித்தங்கேணியில் போன் திருத்துகிற தம்பி ஒருவர் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார். பிரஷ்லெஸ் மோட்டர், மூன்று வயர். எந்த இரண்டை மாற்றிக் கொடுத்தாலும் எதிர்ப்பக்கம் சுற்றும். விற்ற கடைக்காரர், வேகமானது, நல்லது என்று 2200 கேவி மோட்டரைக் கொடுத்துவிட்டார். கேவி என்றால் ஒரு வோல்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. மூன்று செல் லித்தியம் பற்றரிக்கு 11.1 வோல்ட். பெருக்கிப் பார், 24,000க்கு மேல். பழைய 40 மில்லிமீற்றர் புறொப்பெல்லரை அந்த வேகத்தில் தண்ணீருக்குள் சுற்றப் பார்த்தால் மோட்டர் திணறும், திணறினால் கரண்டை இழுக்கும். கிணற்றடித் தொட்டியில் வைத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டேன், கை வைக்கமுடியாத சூடு. பாரம் இழுக்கிற மாட்டைப் பந்தயத்துக்கு ஓட்டினதுபோல. பிறகு 900 கேவி எடுப்பித்தேன். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று, மோட்டர் இளஞ்சூட்டோடு நிற்கிறது. வள்ளத்தின் பின்புறம், கடையார்ப் பக்கம் தண்ணீரை அள்ளி என்ஜினுக்கு அனுப்பிய பித்தளைக் குழாயைக் கழற்றவில்லை. இப்போது அது மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பீட் கொன்ட்ரோலரைக் குளிர வைக்கிறது. ரிமோட்டின் அலையை வாங்குகிற றிசீவருக்கும் சுக்கானைத் திருப்புகிற சேர்வோவுக்கும் வேண்டிய ஐந்து வோல்டையும் அந்தக் கொன்ட்ரோலரே கொடுக்கிறது. வள்ளத்துக்குள் நாலு பற்றரி வேண்டியதில்லை.

பாரத்தையும் பார்க்கவேண்டியிருந்தது. என்ஜின், பிளைவீல், டாங்க் எல்லாம் கழற்றித் தராசில் வைத்தால் 740 கிராம். புது மோட்டரும் பற்றரியும் 610. மிச்சத்துக்கு வலையில் கட்டுகிற ஈயக் குண்டு. முதலில் பற்றரியைக் கடையார்ப் பக்கம் வைத்துவிட்டேன், வள்ளம் அணியத்தைத் தூக்கிக்கொண்டு பாம்பு படம் எடுத்த மாதிரி நின்றது. நாலு விரல் முன்னால் தள்ள மட்டமாக இருந்தது. புறொப்பெல்லரைச் சுற்றுகிற ஷாப்ட் போகிற குழாயால் தண்ணீர் வந்தது, கிரீஸ் அடைத்தேன், நின்றது.

சார்ஜ் பண்ணும்போது நான் எழும்பிப் போவதில்லை. ஒரு செல்லுக்கு 4.2 வோல்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, ஓடும்போது 3.3க்குக் கீழே இறங்க விடக்கூடாது. ஊதிப்போனால் தொடவே கூடாது. மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன், பக்கத்தில் ஒரு வாளி மணல். அது அம்மா மீன்குழம்பு வைக்கிற சட்டி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இனி ரிமோட்.

1995 ஒக்டோபர் 30 இரவு உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மழை. ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடக்கிறது. வள்ளத்தைக் கொண்டுபோக வழியில்லை, வளையிலேயே விட்டுவிட்டேன். ரிமோட் உன்னிடம் இருந்தது எனக்குக் கைதடி தாண்டிய பிறகுதான் தெரியும். உனக்குப் பத்து வயது. புத்தகங்களை வீட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பைக்குள் அதை வைத்திருந்தாய். ஆறு மாதம் மட்டுவிலில், மூன்று குடும்பம் ஒரு வீட்டுக்குள், நீயும் மாமி மகனும் அந்த ஏரியலை இழுத்து நீட்டி வைத்துக்கொண்டு இல்லாத வள்ளத்தை முற்றத்தில் ஓட்டினீர்கள்.

அடுத்த ஏப்ரலில் ஆமி தென்மராட்சிக்குள் வந்து, சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கியது. வழியெல்லாம் சோதனை. ஏரியல் நீட்டிய பெட்டி ஒன்று பிள்ளையின் பைக்குள் இருந்தால், அது விளையாட்டுச் சாமான் என்று யாருக்கு, எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? வெளிக்கிடுவதற்கு முதல் நாள் இரவு நீ நித்திரையாக இருந்தபோது அதை எடுத்து, அந்த வளவுக் கிணற்றுக்குள் போட்டேன். நான்தான் போட்டேன்.

காலையில் நீ தேடினாய். மச்சான்தான் எடுத்து ஒளித்துவிட்டான் என்று நீயே முடிவு கட்டினாய். நான் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால் வழியில் யாரும் கேட்க நீ அப்படியே சொல்லிவிடுவாய் என்று பயம். அது அந்த ஒரு நாளுக்கான காரணம். அதற்குப் பிறகு வந்த வருடங்களுக்கு என்னிடம் காரணம் இல்லை. இரண்டு வருடம் நீ அவனோடு கதைக்கவில்லை. ஒருமுறை அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "மாமா, நான் எடுக்கேல்லை" என்றான். "தெரியும்" என்றேன். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது வாங்கியிருப்பது 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட். ஏரியல் விரல் அளவுதான், இழுத்து நீட்ட எதுவும் இல்லை. அந்த அலை தண்ணீருக்குள் போகாது என்பதால் றிசீவரின் வயரை மேல்தட்டுக்கு மேலே, பழைய கொடிமரத்தோடு ஒட்டிவிட்டேன். ரிமோட்டை நிற்பாட்டினால் மோட்டரும் தானாக நிற்கிறதா என்று தொட்டியில் வைத்துப் பார்த்தேன். நிற்கிறது.

போன ஞாயிறு குளத்துக்குக் கொண்டுபோனேன். சித்தங்கேணித் தம்பியும் வந்தார். நான் நினைத்ததைவிட வேகம், சத்தம் என்று சொல்ல ஒரு தேனீ அளவு. சனம் கூடவில்லை. பழையது கிளம்பினால் ஊரே வந்து நிற்கும், இதற்கு இரண்டு பெடியளும் ஒரு மாடும்தான். அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், மறைக்கவில்லை. நடுக்குளத்தில் பழையபடி கொடி சுற்றியது. கை பழக்கத்தில் சாரத்துக்குப் போய்விட்டது. தம்பி, "அங்கிள், பின்னுக்கு எடுங்கோ" என்றார். பிடியைப் பின்னால் தள்ள, வள்ளம் இரண்டு முறை உதறிக் கொடியைக் கழற்றிவிட்டுப் பின்னுக்கு வந்தது. 12 நிமிடம் ஓடியது.

நீங்கள் வருகிற ஆடியில் குளம் வற்றிவிடும். பொன்னாலைக் கடல்தான் சரி, முழங்காலளவு தண்ணீர், நடந்துபோய் எடுக்கலாம். உப்புத் தண்ணீரில் ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், அந்த வேலையைப் பேரனுக்குக் கொடுப்போம். ஷாப்ட் துருப்பிடித்துவிட்டது. வரும்போது 4 மில்லிமீற்றர் கறள் பிடிக்காத ஷாப்ட் ஒன்றும் அதற்குப் பொருந்துகிற கப்ளிங்கும் வாங்கி வா. நீளம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பற்றரியும் வாங்குகிறதென்றால் சூட்கேசுக்குள் போடாதே, கைப்பையில்தான் கொண்டுவர விடுவார்கள்.

மாமி மகனுக்குப் போன கிழமை பிரான்சுக்கு எடுத்து எல்லாம் சொன்னேன். நன்றாகச் சிரித்தான். கடைசியில், "உங்கட மகளிட்டச் சொல்லிப்போட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டான். கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவனுடைய நம்பர் அம்மாவின் கொப்பியில் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா